குமரி மாவட்டத்துக்கும் ஒரு கூடைப்பந்துக் கழகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஐரோப்பியக் கால்பந்துக்கு நாள்தோறும் இடம் கிடைக்கிறது. ஐரோப்பியக் கூடைப்பந்துக்கோ எப்போதாவது இரண்டு மூன்று வரிகள் கிடைத்தால் பெரிது. அந்த வரிகளிலும் அதிகம் தலைகாட்டாத உக்ரைன் நாட்டுக் கழகம் ஒன்றைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கழகத்தின் கதையில் நம் மாவட்டம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் தள்ளிவைக்க வேண்டியதும் நிறைய இருப்பதாகக் கருதியே இதை எழுதுகிறேன்.

கழகத்தின் பெயர் புரோமெதேய். நீப்பர் ஆற்றங்கரையில் உள்ள காமியான்ஸ்கே என்னும் எஃகு ஆலை நகரில் 2018-ஆம் ஆண்டு அது தொடங்கப்பட்டது. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் பிறந்த ஊர் என்பதைத் தவிர வெளியுலகுக்கு அந்நகரைப் பற்றித் தெரிந்தது குறைவு. கூடைப்பந்தைப் பொறுத்தவரை அந்நாட்டின் பெருமை தலைநகர் கீவிலுள்ள புதிவெல்னிக் போன்ற பழைய கழகங்களிடம்தான் இருந்தது. சோவியத் ஒன்றியம் சிதறுவதற்குச் சற்று முன்பு, 1989-இல், ஒன்றியத்தின் சாம்பியன் பட்டத்தையே வென்ற கழகம் புதிவெல்னிக். அத்தகைய பரம்பரை எதுவும் இல்லாத ஆலை நகரக் கழகம் ஒன்று, தொடங்கிய மூன்றாம் ஆண்டிலேயே, அதாவது 2021-இல், உக்ரைனின் சூப்பர் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது.

பணம் இருந்ததால் முடிந்தது என்று சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஒரு தொழிலதிபரின் முதலீட்டில் வளர்ந்த கழகம்தான் அது. ஆனால் அந்தப் பணம் எதற்குச் செலவானது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு போட்டிக்காக வெளியூர் ஆட்களை வாடகைக்குப் பிடித்துவந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு, மறுநாளே அணியைக் கலைத்துவிடும் பழக்கம் நம் ஊர்த் திருவிழாப் போட்டிகளில் உண்டு. புரோமெதேய் அவ்வாறு செய்யவில்லை. ஆண்டு முழுவதற்கும் ஒப்பந்தமான வீரர்கள், முழுநேரப் பயிற்சியாளர்கள், அவர்களுக்கான பயிற்சிக்கூடம் என அடித்தளத்தைப் போட்டது. அதே பெயரில் பெண்கள் கைப்பந்து அணி ஒன்றையும் நடத்தியது. செக் குடியரசின் தேசிய அணியைத் தோக்கியோ ஒலிம்பிக் வரை கொண்டுசென்ற இஸ்ரேல் நாட்டவரான ரோனென் கின்ஸ்பர்க்கைப் பின்னர்த் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது.

பிறகு வந்தது 2022 பிப்ரவரி 24. உக்ரைன் மீது ரஷ்யா முழுவீச்சில் படையெடுத்த அந்நாளை நம் மாவட்டமும் மறந்திருக்காது. மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் சுரங்க ரயில் நிலையங்களிலும் நிலவறைகளிலும் பதுங்கியிருக்க, விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் எத்தனையோ வீடுகளில் பெற்றோர் கைப்பேசியும் கையுமாக விழித்திருந்த நாட்கள் அவை. போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகள் வழியாக அவர்கள் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். நம் பிள்ளைகளுக்குத் திரும்பிவர ஓர் ஊர் இருந்தது. அந்நாட்டு விளையாட்டு வீரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்போது பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் சாம்பியன்ஸ் லீக் தொடரில் ஆடிக்கொண்டிருந்த புரோமெதேய் பாதியிலேயே விலக நேர்ந்தது. உள்நாட்டு லீக்கும் நின்றுபோயிற்று.

தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆன கழகம் அத்தோடு முடிந்துபோயிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். ஆனால் அது லாத்வியாவின் தலைநகரான ரீகாவுக்கு இடம்பெயர்ந்தது. 2022-23 பருவத்தில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோகப் போட்டியிலும், லாத்விய-எஸ்தோனிய லீக்கிலும் ஒரே நேரத்தில் ஆடி, அந்த லீக்கின் பட்டத்தை முதல் முயற்சியிலேயே வென்றது. பிற நாட்டு மண்ணில் அகதியைப் போல் வந்து இறங்கிய அணி, அந்த மண்ணின் பட்டத்தையே வென்றதை வெறும் விளையாட்டுச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை. அடைக்கலம் கொடுத்த லாத்வியாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1935-இல் நடந்த முதல் ஐரோப்பியக் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டியை வென்ற நாடு அது. ரீகாவின் இராணுவக் கழகம் 1958 முதல் 1960 வரை தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது. உக்ரைன் நடத்தவிருந்த 2015-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சாம்பியன் போட்டி, அங்கே 2014-இல் மூண்ட போரின் காரணமாக வேறு நாடுகளுக்கு மாற்றப்பட்டபோதும், அதில் ஒரு பகுதி ரீகாவில்தான் நடந்தது. கூடைப்பந்தின் அருமை அறிந்த ஊர் என்பதால்தான் அங்கே புரோமெதேய்க்கும் இடம் கிடைத்தது என்று எண்ணுகிறேன்.

சொந்த அரங்கம் இல்லை. சொந்த ஊர் ரசிகர்கள் இல்லை. டிக்கெட் வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இருந்தும் கழகம் நின்றது. ஒரு கழகத்தின் உயிர் எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை. ஆடுபவர்கள், அவர்களைப் பயிற்றுவிப்பவர்கள், பயண ஏற்பாடு செய்பவர், காயத்துக்கு மருந்திடுபவர், இவர்கள் அனைவருக்கும் மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் ஆகியோர் சேர்ந்திருந்தால், கூடம் எந்த நாட்டில் இருந்தாலும் கழகம் இருக்கும். அவர்கள் இல்லையெனில் எத்தனை கோடி செலவில் அரங்கம் கட்டினாலும் அது திறப்பு விழாவுக்கும் பொருட்காட்சிக்கும்தான் பயன்படும்.

நம் நாட்டில் இந்த அமைப்பு வேரூன்றவே இல்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் கூடைப்பந்து அணி ஆடியது. அதற்குப் பின் இன்றுவரை ஒலிம்பிக்கில் நமக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே நன்றாக ஆடும் ஒரு பையனின் இலக்கு கழகம் அன்று, வேலை. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே ஆகியவற்றின் அணிகள்தாம் தமிழ்நாட்டுக் கூடைப்பந்தைப் பல தலைமுறைகளாகத் தாங்கி வருகின்றன. அந்த நிறுவனங்களைக் குறை சொல்லமாட்டேன். எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அவை சோறு போட்டிருக்கின்றன. ஆனால் நிறுவன அணி இருபது வயதைத் தாண்டி ஆளானவனைத்தான் எடுத்துக்கொள்ளும். பத்து வயதுச் சிறுவனை எடுத்து வளர்க்காது. அந்த வேலை கழகத்துக்குரியது. 2022-இல் தொடங்கிய இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்கில் சென்னைக்கும் கொச்சிக்கும் அணிகள் அமைந்தது மகிழ்ச்சிக்குரியது. என்றாலும் சில வாரங்களுக்குக் கூடிக் கலையும் நகர அணிக்கும், வருடம் முழுவதும் சிறுவர் அணி முதல் முதுநிலை அணி வரை நடத்தும் கழகத்துக்கும் உள்ள இடைவெளி பெரிது.

உக்ரைனில் செர்காசி என்ற நடுத்தர நகரைப் பாருங்கள். அங்கே பிறந்து, அந்த ஊர்க் கழகத்தில் சிறுவயதிலேயே ஆடத் தொடங்கிய ஸ்வியாத்தோஸ்லாவ் மிகாய்லியுக், பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகம் வழியாக அந்நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குச் சென்று, 2024-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியுடன் சாம்பியன் ஆனார். அவருக்கு முன்னோடியான ஸ்தானிஸ்லாவ் மெத்வெதென்கோ 2001, 2002 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியுடன் வென்ற இரண்டு சாம்பியன் மோதிரங்களையும் 2022-இல் ஏலத்துக்கு விட்டு, போரில் சிக்கிய தம் நாட்டுப் பிள்ளைகளுக்கு நிதி திரட்டினார். விளையாட்டு தமக்குக் கொடுத்ததை அடுத்த தலைமுறைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற உணர்வு அது.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். கூடைப்பந்து குமரிக்கு அந்நியமான விளையாட்டு அன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கிய விளையாட்டு இது. அதே ஒய்.எம்.சி.ஏ.தான் 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் அவர்களின் முயற்சியால் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது. அதே இயக்கம்தான் ஸ்பென்சர் ஹாட்ச் அவர்களின் தலைமையில் மார்த்தாண்டத்தில் கிராம மறுசீரமைப்பு மையத்தை அமைத்து, வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டி வைக்கக் கற்றுக்கொடுத்தது. தேனீ வளர்ப்பு இன்றைக்கு விளவங்கோடு வட்டாரத்தின் அடையாளமாகிவிட்டது. ஒரு பயிற்சி மையமும் பொறுமையான சில மனிதர்களும் சேர்ந்து இம்மண்ணில் புதிதாக ஒன்றை ஊன்றி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கால்பந்தில் நாமே இதைச் செய்தும் இருக்கிறோம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை முதலான கடற்கரை ஊர்களில் கால்பந்து மன்றங்களை மீனவக் குடும்பங்களே தங்கள் உழைப்பின் பணத்தைப் போட்டு நடத்துகின்றன. கடலுக்குப் போகிறவர்களும் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்களும் கொடுக்கும் நன்கொடையில் பந்தும் காலணியும் பயணச் செலவும் நடக்கின்றன. மைக்கேல் சூசைராஜ் போன்ற வீரர்கள் ஐ.எஸ்.எல். வரை சென்று பெயர் பெற்றது அத்தகைய கடற்கரை மணலிலிருந்துதான். கால்பந்துக்கு ஊர் கொடுத்ததைக் கூடைப்பந்துக்குக் கொடுக்க யாரும் முன்வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

இன்று நம் பள்ளிகளில் நடப்பது என்ன? குறுவட்ட அளவிலான போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு அணி திரட்டப்படுகிறது. வென்றால் வருவாய் மாவட்ட அளவு. அதிலும் வென்றால் மாநில அளவு. தோற்ற அன்றே பந்து அறைக்குள் போய்விடுகிறது. பிளஸ் டூ முடிந்தால் பெரும்பாலோருக்கு விளையாட்டும் முடிந்தது. உண்மையிலேயே திறமை உள்ளவர்கள் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ விளையாட்டு விடுதி தேடிப் போகிறார்கள். பையன்களாவது போகிறார்கள், பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். இந்திய மகளிர் அணியின் தலைவராக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரை சென்னைப் பெண் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவரைப் போன்ற ஆற்றல் உள்ள ஒரு பெண் குலசேகரத்திலோ திருவட்டாற்றிலோ பிறந்திருந்தால் பத்தாம் வகுப்போடு பந்தை வைத்திருப்பார்.

பயிற்சி அளிக்கும் முறையிலும் ஒரு குறை உண்டு. என் பணிக்காலம் முழுவதும் என்னை வருத்தியது அது. வளையத்தின் உயரம் 3.05 மீட்டர் என்பது பெரியவர்களுக்கான அளவு. சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பந்தும் 5-ஆம் எண் அளவில் சிறியதாக இருக்க வேண்டும். நம் பள்ளிகளிலோ ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையிலும் ஆடவருக்கான 7-ஆம் எண் பந்துதான் கொடுக்கப்படுகிறது. அதுவும் மேல்தோல் தேய்ந்து, பிடி கிடைக்காமல் வழுக்கும் பந்து. அந்தப் பிள்ளை அதை நெற்றிக்கு மேலே உயர்த்தி மணிக்கட்டால் எறிய முடியாமல், முழங்காலுக்கு இடையில் தொங்கவிட்டு, உடம்பையே வில்லாக வளைத்து மேலே தூக்கிப் போடுகிறது. பந்து பலகையின் அடிவிளிம்பில் பட்டுத் திரும்பி வருகிறது. இப்படியே மூன்று வருடம் பழகிய கையைப் பிறகு எந்தப் பயிற்சியாளராலும் எளிதில் திருத்த முடியாது. ஐரோப்பியக் கழகங்கள் சிறுவர்களுக்கென்று தனி அணி, தனிப் பந்து, தனி வளையம் வைத்திருப்பதன் காரணம் இதுதான். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. இருக்கும் கம்பத்திலேயே தாழ்வாக மாட்டக்கூடிய இன்னொரு பலகையை நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்துவிடலாம்.

அடுத்தது கூரை. தமிழ்நாட்டின் மற்றப் பல மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே மழையும் தொடங்கிவிடும். ஓய்ந்ததுபோல் இருந்து அக்டோபரில் மறுபடியும் பிடிக்கும். திறந்தவெளிக் கான்கிரீட் தளத்தில் கம்பத்தைச் சுற்றிப் பச்சைப் பாசி படர்ந்துவிடும்; அதில் வேகமாக ஓடிவந்து திரும்புகிற பிள்ளையின் கணுக்கால் என்ன ஆகும் என்று பெற்றோர்களுக்கே தெரியும். எனவே கல்வியாண்டின் பெரும்பகுதியில் பயிற்சி என்பது வானம் பார்த்து நடப்பதாகிவிடுகிறது. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள தளத்துக்கு மேலே ஏழு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இரும்புத் தூண் நட்டுத் தகரக் கூரை போட்டால் போதும், சுவர்கூட வேண்டியதில்லை. குளிரூட்டிய உள்ளரங்கத்தைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, நாகர்கோவிலில் ஒன்று, மேற்கே மார்த்தாண்டம் அல்லது குழித்துறையில் ஒன்று என இத்தகைய இரண்டு கூரைகளைக் கேட்டுப் பெறுவது நடக்கக்கூடிய காரியம்.

கழகத்தை யார் நடத்துவது, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, உக்ரைனிலிருந்தே எச்சரிக்கையாகவும் ஒரு பாடம் கிடைக்கிறது. மரியுபோல் நகரின் பெரிய ஆலை ஒன்றைச் சார்ந்திருந்த அசோவ்மாஷ் கழகம் ஒரு காலத்தில் அந்நாட்டின் பட்டங்களை வரிசையாக வென்றது. 2007-இல் ஃபீபா யூரோகப் என்ற வேறொரு தொடரின் இறுதி ஆட்டம் வரை சென்றது. இன்று அக்கழகம் இல்லை. 2012-இல் நாட்டின் சாம்பியனாக இருந்த டோனெட்ஸ்க் கழகமும் போர் மூண்டபின் இல்லாமற்போயிற்று. போர் ஒரு காரணம். ஆனால் ஓர் ஆலை, ஒரு முதலாளி என்று ஒற்றைத் தூணின்மேல் நின்ற கழகங்களுக்கு அந்தத் தூண் ஆட்டம் கண்டபோது பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாமற்போனதும் காரணம். புரோமெதேயும் ஒருவர் பணத்தால் உயர்ந்த கழகம் என்பதால் அந்த ஆபத்து அதற்கும் இருந்தது. அதன் ஊக்கத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் வந்த வழியை அப்படியே பின்பற்றக் கூடாது.

எனவே நான் கேட்பது ஒரு செல்வந்தரின் பெயரைத் தாங்கிய அணியை அன்று. கடற்கரைக் கால்பந்து மன்றங்களைப் போல் பலர் சிறுதொகை போட்டுச் சங்கமாகப் பதிவு செய்து, கணக்கைப் பொதுவில் வைத்து நடத்தும் மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் ஒன்றைக் கேட்கிறேன். நம் மாவட்டத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்று வேலையின்றி இருக்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை; அவர்களில் இருவரையோ மூவரையோ முழுநேரப் பயிற்சியாளர்களாக அமர்த்தி, மாதச் சம்பளம் கொடுப்பதே கழகத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும். சீருடையும் கோப்பையும் பிறகு வரட்டும். தொடங்கும்போது பெரியவர்களின் அணியே வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர், சிறுமியர் அணிகள் இரண்டு போதும். அவர்கள் வளர வளர, அணியும் மேலே வளரட்டும். கல்லூரிகளும் ஆலயங்களும் பள்ளி நிர்வாகங்களும் தங்கள் ஆடுகளங்களை மாலை வேளையில் கழகத்துக்குத் திறந்துவிட்டாலே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் ஆகிய ஊர்களுக்கிடையே வாராவாரம் ஆடும் சிறிய லீக்கைத் தொடங்கிவிடலாம். தேனி மாவட்டத்தின் பெரியகுளம் சிறிய ஊர்தான். அங்கே ஆண்டுதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நாட்டின் முன்னணி அணிகள் தேடி வந்து ஆடுகின்றன. அவ்வூர் மக்களால் முடிந்தது நம்மால் முடியாது என்று நான் நம்பவில்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலர்களையும், நம் சட்டமன்ற உறுப்பினர்களையும் இந்த இரண்டு கூரைகள் குறித்து ஆராயுமாறு தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன். கூடைப்பந்து ஆடிய முன்னாள் மாணவர்கள், குறிப்பாக வெளிநாட்டில் பணிபுரிவோர், வரும் கோடை விடுமுறைக்கு ஊர் வரும்போது, கழகம் அமைப்பதற்கான முதல் கூட்டத்தை நாகர்கோவிலில் கூட்டலாம். அதற்கு முன்பாக, மாவட்டத்தில் எந்தெந்தப் பள்ளியில் ஆடக்கூடிய நிலையில் ஆடுகளம் இருக்கிறது, எத்தனை வளையங்கள் நேராக நிற்கின்றன என்ற பட்டியலைத் தயாரிக்க, பணியிலுள்ள உடற்கல்வி ஆசிரியர்கள் உதவ வேண்டும். அந்தப் பட்டியலையும், லீக் தொடங்கியபின் அதன் வார முடிவுகளையும் வெளியிடத் தங்கள் குமரிப் பதிப்பில் ஒரு சிறு பத்தி ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.